உப்புப் பார்க்க ஓர் ஆள்

பிரியாணி தேக்சாவின் மூடியை ஒரு விரற்கடை தூக்கிக் காட்டினால் போதும், உப்பு சரியாக இருக்கிறதா, குறைகிறதா என்று ஆவியை வைத்தே சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். பூந்தமல்லியில் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் தம்மை உடைப்பதற்கு முன்னால் சமையல்காரர் என்னைத்தான் தேடுவார். பட்டுப்புடவையோடு பந்தலுக்குப் பின்னால் போய், புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூக்கை நீட்டுவேன். "இன்னும் ஒரு கை போடுங்க" என்பேன். போடுவார்கள். என் மகன் கல்யாணத்திலும் மாப்பிள்ளையின் அம்மா என்கிற பந்தாவை மேடையிலேயே விட்டுவிட்டு அப்படித்தான் போய் நின்றேன். பெண்ணைப் பெற்ற சம்பந்தி அம்மாள் வாயில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோன்பு மாதத்தில் இந்த மூக்குதான் எனக்குத் துணை. நோன்பு வைத்திருக்கிறவள் சமைத்ததை வாயில் போட்டுப் பார்க்க முடியாது. அவசியம் என்றால் நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்வார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த அவசியம் வந்ததில்லை.

இந்த வருஷ நோன்பு தொடங்கியபோது என் மருமகளுக்கு மூன்றாம் மாதம். அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், லீவு போட்டுவிட்டுப் படுத்தே கிடந்தாள். மசக்கை. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் சேர்த்து வாந்தி எடுத்தாள். வெந்தயமும் பூண்டும் கொதிக்கிற வாசனை வந்தாலே குளியலறைக்கு ஓடுவாள். நோன்பு மாதத்தில் எங்கள் தெருவில் அந்த வாசனை இல்லாத இடம் ஏது? மத்தியானம் பள்ளிவாசலில் கஞ்சி கொதிக்கத் தொடங்கினால் தெருமுனை வரைக்கும் மணக்கும். அந்த மணத்துக்காக நான் பதினோரு மாதம் காத்திருப்பேன். அவள் கதவடியில் துண்டைத் திணித்துக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தாள்.

என் வீட்டுக்காரர் பள்ளிவாசலில் இருந்து தூக்குவாளியில் கஞ்சியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வராமல் நேராக வெளிப்படியேறி மொட்டை மாடிக்குப் போய்விடுவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து அங்கேதான் நாங்கள் மூன்று பேரும் நோன்பு திறந்தோம். கீழே ஒரு பிள்ளை வெறும் வயிற்றோடு கிடக்கும்போது மேலே உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை வாயில் போடுவது எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த வாரம் டாக்டர் எடை பார்த்தார். மறுபடியும் இறங்கியிருந்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார். அதற்குள் எதுவும் வயிற்றில் தங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். சேதி முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போனது. சம்பந்தி அன்றைக்கே போன் செய்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கினு போயிடறேன் சம்பந்தி. எங்க ஊட்ல இருந்தா ரெண்டு வாயாவது சாப்புடும்."

"அதுக்கென்ன, உங்க பொண்ணு, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் சமையலறையில் பாத்திரங்கள் பட்ட பாட்டை நான் சொல்லக் கூடாது. எங்க ஊட்ல இருந்தா! இங்கே மட்டும் நான் என்ன பட்டினி போட்டா வைத்திருக்கிறேன்? அவர்கள் தெருவில் மட்டும் கஞ்சி மணக்காதா?

அவர் தப்பாகச் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். பெற்றவளுக்கு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். என் கோபத்துக்குக் காரணம் வேறு. எனக்கு அவளை அனுப்ப மனமில்லை. என் வீட்டுக்காரருக்குக் குமணன்சாவடியில் மெத்தைக் கடை. பகலெல்லாம் வாடிக்கையாளர்களிடம் பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வெறும் வாயோடு வருவார். மகனோ போனைப் பார்த்தபடியே சோறு தின்பான். இந்தப் பெண் வந்த பிறகுதான் வீட்டில் பேச்சு வந்தது. வேலை முடிந்து வந்ததும் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ஆபீஸில் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பதையெல்லாம் ஒப்பிப்பாள். நான் கத்தினால் மற்றவர்கள் இடத்தைக் காலி செய்வார்கள். இவள் சிரிப்பாள். இப்போது போனாள் என்றால் பிள்ளை பெற்று நாற்பது நாள் கழித்துத்தான் திரும்பி வருவாள். அதுவும் என் சமையலில் ஒரு வாய்கூடத் தங்கவில்லை என்கிற பேரோடு போவாள். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

வியாழக்கிழமை தண்ணீர் வைக்கப் போனபோது அவளாகவே வாயைத் திறந்தாள்.

"மாமி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோச்சுக்கறதா இல்லையான்னு கேட்டப்புறம் சொல்றேன். சொல்லு."

"எங்க ஆபீஸ் கீழ ஒரு கடை இருக்கு. அங்க பாஸ்தா சூப் கிடைக்கும். வெள்ளையா, கெட்டியா, கோழிக்கறி எல்லாம் போட்டு. இத்தாலிக்காரங்க ஸ்டைல்னு எழுதியிருப்பான். அது மட்டும் உள்ள இறங்கும்னு தோணுது."

மகன் உடனே போனில் தட்டி வரவழைத்தான். டப்பா மூடியைத் திறந்தான். கூட வந்த ரொட்டியில் இருந்த பூண்டு வாசனை முதலில் வந்தது. அவள் ஓடிவிட்டாள். கதவுக்கு வெளியே நின்று, "விடு, நான் பண்றேன்" என்றேன்.

உள்ளேயிருந்து ஈனஸ்வரத்தில் கேட்டாள். "உங்களுக்கு அது தெரியுமா மாமி?"

"சூப்புதானே? இன்னா பெரிய கம்பசூத்திரமா?"

சாமான்களை வாங்கி வந்தது என் வீட்டுக்காரர். சங்கு சங்காக இருந்த பாஸ்தா பாக்கெட், வெண்ணெய், கிரீம், சீஸ். "சீஸுக்குப் பாலைத் திரிக்க எந்த ஆட்டோட, எந்த மாட்டோட குடலைப் போட்டிருப்பானோ, ஹலாலோ இல்லையோன்னு பச்சைப் புள்ளி பார்த்து வாங்கினேன்" என்றார். தினமும் கறி எடுக்கிற வீட்டுக்குச் சைவப் புள்ளி தேடி அலைந்த மனுஷனைப் பார்த்துக் கடைக்காரன் என்ன நினைத்தானோ.

வெள்ளிக்கிழமை செய்தேன். நான் செய்த தவறை நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கைதான் செய்யும். மற்ற வருஷங்களில் இந்த மாதம் எங்கள் அடுப்பு பிற்பகல் அஸர் தொழுகைக்கெல்லாம் ஓய்ந்துவிடும். கஞ்சியைக் காய்ச்சி மூடிவிட்டு, மேடையைத் துடைத்துவிட்டு, தொழுது, குர்ஆன் ஓத உட்கார்ந்துவிடுவோம். கஞ்சி மூடிக்குள் சும்மா இருக்க இருக்க இறுகி, ருசி ஏறி, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்குச் சரியான பதத்தில் இருக்கும். சூப்பையும் அப்படியே செய்தேன். பாஸ்தாவை உள்ளேயே போட்டு வேகவிட்டு, இறக்கி, மூடி, மேலே ஒரு கனமான தட்டையும் வைத்துவிட்டு நிம்மதியாக எழுந்தேன்.

நோன்பு திறந்துவிட்டுக் கீழே வந்து மூடியைத் திறந்தால் சூப்பைக் காணோம். அத்தனை ரசத்தையும் சங்குகள் குடித்துவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உப்பிக் கிடந்தன. கரண்டியை நட்டேன். நின்றது.

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இன்னாது இது, அசையாம கீது? கத்தி கொண்டாரட்டா?"

நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் மறுபடியும் மாடிக்கே போய்விட்டார். சத்தம் கேட்டு மருமகள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். நின்றுகொண்டிருந்த கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. "தப்பா நினைக்காதீங்க மாமி, இது சூப் இல்ல, களி" என்றாள். சிரித்தாளே தவிர, ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

எனக்கு வெட்கமெல்லாம் இல்லை. பாஸ்தாவின் மீதுதான் கோபம். கொஞ்ச நேரம் காத்திருக்கத் தெரியாதா? ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தபோது, காத்திருக்க முடியாதது அது மட்டுமில்லை என்று பிடிபட்டது. இந்தப் பிள்ளைக்கு வயிறு கொஞ்சமாவது அடங்கியிருப்பது மத்தியானத்துக்கு மேல்தான். பொழுது சாய்ந்தால் வாந்தி கூடிவிடும். நானோ பள்ளிவாசல் பாங்கைக் கணக்கு வைத்து அவளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். நோன்பு எனக்குத்தானே, அவளுக்கு இல்லையே.

சனிக்கிழமை அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. தண்ணீர்கூடத் தங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. சம்பந்தி மறுபடியும் போன் செய்து, மறுநாள் அஸருக்குப் பிறகு வருவதாகவும் நோன்பு திறந்துவிட்டுக் கூட்டிப்போவதாகவும் சொன்னார். இந்தத் தடவை நான் இனிக்க இனிக்கப் பேசவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னேன். எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுததும் அடுப்படிக்குப் போனேன். ஜன்னல்களைத் திறந்துவைத்தேன், புகைபோக்கி விசிறியைப் போட்டேன். கோழி எலும்பை ஒரு வெங்காயம், ஒரு கேரட், நாலைந்து மிளகோடு சின்னத் தீயில் கொதிக்கவைத்து வடிகட்டினேன். என் கை தானாகவே இஞ்சி பூண்டு விழுது டப்பாவுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக எண்ணெய் காய்ந்ததும் அந்த டப்பாவைத் திறந்து பழகிய கை, அதைச் சும்மா வைத்திருப்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

வெண்ணெயில் வெங்காயத்தைச் சிவக்கவிடாமல் வதக்கினேன். எலும்பில்லாத கோழிக்கறியைப் பொடிசாக அரிந்து போட்டேன். கேரட்டையும் அதே அளவில் நறுக்கிச் சேர்த்தேன். புளிப்புக்கு ஒரே ஒரு தக்காளி, தோலும் விதையும் இல்லாமல். தக்காளி கொதிக்கும்போது பாலை ஊற்றினால் திரிந்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஊறவைத்த முந்திரியை நைசாக அரைத்து, வடித்த கோழிச்சாற்றில் கரைத்து விட்டேன். அது கொதித்துக் கெட்டியானதும் அடுப்பை அணைத்து, ஆவி அடங்கிய பிறகு கிரீமை ஊற்றினேன். கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் விடும்போதும் இதே மரியாதைதான். சீஸை ஒரு கைப்பிடி துருவிப் போட்டேன். அடிக்கடி பீட்சா வாங்குகிற என் மகன், கூட வரும் காய்ந்த இலைப் பொட்டலங்களை எல்லாம் பிரிட்ஜ் கதவில் சேர்த்துவைத்திருந்தான். அதில் ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் நசுக்கித் தூவினேன். பாஸ்தா இந்தத் தடவை தனிப் பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தது.

குழம்புச் சட்டியின் மேல் குனிந்தேன். வெண்ணெய், கோழி, கொஞ்சம் இனிப்பு. உப்பு மட்டும் சுத்தமாக இல்லை. சீஸில் இருந்த உப்பு போதாது. இந்த அளவுக்கு ஒரு சின்னக் கரண்டி போட்டால் கச்சிதமாக இருக்கும். உப்பு ஜாடியைத் திறந்தவள், மூடிவிட்டேன். ஒரு யோசனை வந்தது.

அவள் கதவைத் தட்டினேன். "கொஞ்சம் வந்து உப்பு பார்த்துட்டுப் போம்மா. நான் நோன்பு. ஊட்ல நோன்பு இல்லாத ஆளு நீ ஒருத்திதான்."

நோன்பு வைத்துக்கொண்டு பொய் பேசக் கூடாது. நான் பேசவில்லை. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எனக்கு உப்பு தெரியவில்லை என்று நான் சொல்லவே இல்லையே.

துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு வந்து நின்றாள். ஒரு ஸ்பூனில் எடுத்து, ஊதிக் கொடுத்தேன். துப்பட்டாவை விலக்கி வாயில் விட்டாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

"உப்பே இல்ல மாமி."

"அப்படியா?" ஒரு கிள்ளு போட்டேன். கலக்கினேன். "இப்ப பாரு."

"கொஞ்சம் பரவாயில்ல. இன்னும் வேணும்."

இன்னொரு கிள்ளு. இன்னொரு ஸ்பூன். அந்த வேகத்தில் உப்புப் போடுகிறவளை நானே பார்த்திருந்தால், கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பியிருப்பேன். அவள் அறைக்குத் திரும்பிப் போகவில்லை, மேடையில் சாய்ந்து நின்றாள். உப்பு முடிந்ததும் மிளகு பார்க்கச் சொன்னேன். அப்புறம், "இந்த சங்கு வெந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும், நீயே கடிச்சுப் பாரு" என்றேன். இரண்டைக் கடித்தாள். "சூப்போட சேர்த்தாத்தான் தெரியும் மாமி" என்று அவளே சொன்னாள். சின்னக் கிண்ணத்தில் பாஸ்தாவைப் போட்டு மேலே சூப்பை ஊற்றிக் கொடுத்தேன்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு கையை ஊன்றி மேடையில் ஏறி உட்கார்ந்தாள். காலை ஆட்டத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

வாசலில் சலாம் கேட்டது. சம்பந்தி ஆட்டோவை அனுப்பிவிட்டு, கையில் காலிப் பையோடு நேராக உள்ளே வந்தார். படுக்கையில் கிடப்பாள் என்று நினைத்து வந்தவர், சமையலறை வாசலில் மகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"சாப்புட்டியாடி?"

"இல்லம்மா" என்றாள் அவள், மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோட்டோடு. "உப்புதான் பார்த்தேன்."

சம்பந்தி அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி உள்ளே பார்த்தார். துடைத்துவைத்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அறைக்குப் போய் அவள் துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது? ஒரு கிண்ணம் தங்கியதை வைத்துக்கொண்டு பெற்றவளிடம் வாதாட முடியாது. அவளுக்கும் அம்மா மடியில் படுத்துக்கொள்ள ஆசை இருக்காதா? சாப்பிட்ட வயிற்றோடு போகிறாள், அது போதும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் புதிதாகப் பாஸ்தாவை வேகவைத்து, சூப்பைத் தனிப் பாத்திரத்தில் சுடவைத்து, மாடிக்கு ஏற்றினேன். நிரப்பிய பையைச் சம்பந்தி படிக்கட்டின் கீழே வைத்துவிட்டு ஏறிவந்தார். ஆச்சரியம், பொழுது சாய்கிற நேரத்திலும் வாந்தி இல்லாமல் மருமகளும் வந்தாள். கஞ்சி வாளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, காற்று எதிர்ப்பக்கமிருந்து வருகிற மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அவளும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு பாங்குக்காகக் காத்திருந்தாள். மகன் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. அப்புறம் சம்பந்தி சூப்பில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். நானும் அப்போதுதான் முதன்முதலாக ருசி பார்த்தேன். உப்பு கச்சிதம். இன்னும் நாலு கல் போட்டிருந்தால் கெட்டிருக்கும். என் வீட்டுக்காரர் கத்தி கேட்காமல் இரண்டாவது கிண்ணத்தை ஊற்றிக்கொண்டார்.

"நல்லா கீது சம்பந்தி" என்று சொல்லிவிட்டு, சம்பந்தி அம்மாள் மகளிடம் திரும்பினார். "சரிம்மா, குடிச்சுட்டுக் கெளம்பு. மாப்பிள்ளைய ஆட்டோ புடிக்கச் சொல்றேன்."

அவள் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நான் இங்கயே இருக்கேம்மா."

"ஏன்டி?"

"நாளைக்கும் நோன்புதானே? மாமிக்கு யாரு உப்பு பார்த்துச் சொல்றது?"

என் மூக்கின் புகழை நான் இந்த வீட்டில் பாடாத நாளில்லை. அவளுக்கு அது மனப்பாடம். சம்பந்திக்கோ நேரில் பார்த்த சாட்சியம் இருக்கிறது. சொந்த மகள் கல்யாணத்தில், பந்தலுக்குப் பின்னால், தேக்சா மூடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் உடைந்துவிடும். நான் ஸ்பூனைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தேன்.

சம்பந்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவருடைய கண் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆமாமா. உங்களுக்குத்தான் உப்பு தெரியாதே, இல்லீங்க சம்பந்தி?"

நோன்பு திறந்தாகிவிட்டது.

"சுத்தமா தெரியாது" என்றேன்.

மருமகள் காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.